இருபத்தைந்து சதவீதத் தங்கச்சி

என் தங்க அப்பாவுக்கு,

கல்லறைத் திருநாளுக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. அதுவரைக்கும் பொறுக்க முடியாமல்தான் இந்தக் கடிதம். முதலில் ஒரு மன்னிப்புக் கேட்டுவிடுகிறேன். போன ஆடியில் பதினைந்து நாள் உங்கள் படத்துக்குப் பூ வைக்கவில்லை, மெழுகுவர்த்தி ஏற்றவில்லை. உங்கள் முகத்தைப் பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை. காரணத்தைச் சொன்னால் அங்கிருந்தே என் காதைத் திருகுவீர்கள். திருகுங்கள், எனக்கு வேண்டியதுதான்.

உங்கள் பேரன் ஜோ இப்போது அமெரிக்காவில் படிக்கிறான். உங்கள் பஞ்சர் கடையில் தண்ணீர்த் தொட்டிக்குள் டியூபை அமுக்கிக் குமிழி பார்த்துக்கொண்டிருந்தானே, அவன்தான். கிறிஸ்துமஸ் லீவுக்கு வந்தவன் ஒரு குப்பியை நீட்டி, "அம்மா, இதுல துப்பு" என்றான். எச்சிலில் டிஎன்ஏ பார்த்து, உலகத்தில் நமக்கு யார் யார் சொந்தம் என்று சொல்வார்களாம். பக்கத்தில் இருந்த என் அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "ஏலே, எச்சியக் கப்பல்ல ஏத்தி அனுப்பவா இம்புட்டுப் படிச்ச?"

நான் துப்பிக் கொடுத்தேன். பிறகு அதை மறந்தும் போனேன்.

ஆடியில் ஒருநாள் ஜோ போன் செய்தான். குரலே சரியில்லை. "அம்மா, லண்டன்ல ஜெசி ஏ.ன்னு ஒருத்தங்க இருக்காங்க. உனக்கும் அவங்களுக்கும் இருபத்தஞ்சு சதவீதம் பொருந்துது. தாத்தாவுக்கு... வேற குடும்பம் ஏதும் உண்டாம்மா?"

"போடா கூறுகெட்டவனே! சித்தப்பா புள்ளையா இருக்கும்" என்றேன். எனக்கு மூன்று வயதிருக்கும்போது உங்களோடு சண்டை போட்டுக்கொண்டு சித்தப்பாவும் சித்தியும் ஊரைவிட்டே போனார்கள் என்பது மட்டும் எனக்குத் தெரியும். அந்தப் பேச்சை எடுத்தாலே நீங்கள் பாதிச் சோற்றில் எழுந்துவிடுவீர்கள். அதனால் நம் வீட்டில் யாரும் எடுத்ததில்லை.

"சித்தப்பா புள்ளைன்னா பன்னெண்டரைதாம்மா வரும். இருபத்தஞ்சுன்னா அப்பா ஒண்ணு, அம்மா வேற. உனக்குத் தங்கச்சின்னு போட்டிருக்கான்."

உடனே எனக்கு எது ஞாபகம் வந்தது தெரியுமா அப்பா? கேரளா! மாதம் ஒருமுறை கடையை அடைத்துவிட்டு, ஒட்டன்சத்திரம் போய்க் காய்கறி லாரியில் ஏறிவிடுவீர்கள். எதற்கு என்று கேட்டால் "சோலி இருக்கு", அவ்வளவுதான். திரும்பி வரும்போது நேந்திரங்காய் சிப்ஸ். தலையெல்லாம் நரைத்த பிறகும் அந்தச் சோலி முடியவில்லையே! அடப்பாவி மனுஷா, அங்கே ஒரு வீடு, இங்கே ஒரு வீடா என்று வாய்க்கு வந்தபடி திட்டினேன். 'என் ஒத்தைப் பிள்ளை' என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தது பொய்யா? நினைக்க நினைக்க நெஞ்சு எரிந்தது.

அம்மாவிடம் மறைத்தேன். ஆனால் அவள் கண்ணிலிருந்து எது தப்பும்? "ஏண்டி, ஒங்கப்பா என்ன குத்தம் செஞ்சாரு? பூவக் காணோம், மெழுகுதிரியக் காணோம்."

அவள் கையைப் பிடித்துக்கொண்டு, அழுதுகொண்டே சொன்னேன். மயங்கி விழுவாள் என்று நினைத்தேன். அவளோ விழுந்து விழுந்து சிரித்தாள்.

"அடி கிறுக்கி! ஒரு குடும்பத்துக்குச் சோறு போடவே ஒங்கப்பாவுக்கு நாக்குத் தள்ளிப்போச்சு. இதுல ரெண்டாங் குடும்பமா!" அப்புறம் சட்டென்று நிறுத்தினாள். "சித்தப்பா புள்ளைன்னா எம்புட்டுன்ன?"

"பன்னெண்டரை."

"சித்தி புள்ளைன்னா?"

"அதுவும் பன்னெண்டரைதான்."

"அப்ப ரெண்டையும் கூட்டுடி! அது அற்புதம் மக. என் கூடப்பொறந்த தங்கச்சி மக!"

எனக்குத் தலை சுற்றியது. சித்தப்பாவின் மனைவியும் சித்திதான், அம்மாவின் தங்கையும் சித்திதான். அற்புதம் சித்தியைச் சித்தப்பாவின் மனைவி என்று மட்டும்தான் நான் நினைத்திருந்தேன். அண்ணனும் தம்பியும் அக்காளையும் தங்கச்சியையும் கட்டியிருக்கிறீர்கள், அது இத்தனை வருஷமும் எனக்குத் தெரியாது. அம்மாவைப் பெற்றவர்கள் நான் பிறப்பதற்கு முன்பே போய்விட்டார்கள், வேறு யார் சொல்லியிருப்பார்கள்?

"அப்ப கேரளா?" என்று கேட்டேன். அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். "தம்பி கேரளாவுல இருக்கான்னு யாரோ சொன்னாங்க, அவனத் தேடித்தாண்டி போனாரு. 'என் மூஞ்சில முழிக்காதடா'ன்னு ஒரு கோவத்துல சொல்லிப்புட்டு, சாகுறவரைக்கும் லாரிக்காரங்ககிட்ட கேட்டுக்கிட்டே கெடந்தாரு. ஒங்கிட்டச் சொன்னா அழுதுருவாரு, அதான் சொல்லல."

பஸ் ஸ்டாண்டுக்கு ஓடி ஐந்து முழம் மல்லிகை வாங்கி வந்தேன் அப்பா. பதினைந்து நாள் பாக்கியையும் ஒரே நாளில் சூட்டினேன்.

ஜோ ஜெசிக்கு எழுதினான், பதில் வந்தது. அவள் அப்பா சவரிமுத்து, அம்மா அற்புதம், சித்தப்பாவும் சித்தியுமேதான். அவளுக்கு நாலு வயதாகும்போது வயநாட்டில் மஞ்சள் காமாலையில் இருவரும் அடுத்தடுத்துப் போய்விட்டார்கள். கன்னியாஸ்திரிகள் வளர்த்து, படிக்கவைத்து, இப்போது லண்டனில் நர்ஸ். சொந்த ஊர் திண்டுக்கல் பக்கம் என்பதைத் தவிர அவளுக்கு ஒன்றும் தெரியாது. நீங்கள் இத்தனை வருஷம் தேடியது இல்லாத தம்பியை. இருந்தவள் இவள்.

போன வாரம் வந்துவிட்டாள்! வாசலில் நின்றவளை உள்ளே கூட்டி வந்து உட்காரவைத்தேன். அம்மா அடுப்படிக்குப் போய், சோற்றுக்குத் தொட்டுக்கொள்ள வெஞ்சனம் வைக்க மிளகாய் வறுத்தாள். ஜெசி தும்மினாள். ஒன்று, இரண்டு, மூன்று... நிற்கவே இல்லை, ஏழு! நீங்கள் தும்மும்போது டிரைவர்கள் எல்லாம் உங்கள் கடை வாசலில் எண்ணி எண்ணிச் சிரிப்பார்களே, அதே ஏழு. அம்மா கரண்டியோடு ஓடிவந்தாள். "இதுக்கு எதுக்குடி அமெரிக்கா? ஒரு பிடி மொளகா போதாதா?" மூன்று பேரும் இருமிக்கொண்டே சிரித்தோம்.

சாப்பிட்ட பிறகு, நீங்கள் கேட்க நினைத்ததை உங்களுக்காக நான் ஜெசியிடம் கேட்டேன். "சித்தப்பா எங்கப்பா மேல கோவமாவே இருந்தாராம்மா?"

"எனக்கு ஓர்மையில்ல சேச்சி" என்றாள், ஞாபகம் இல்லை என்பதை மலையாளம் கலந்து.

"சேச்சி என்ன சேச்சி, அக்கான்னு கூப்புடு" என்று அம்மா அதட்டினாள்.

"எனக்கு ஓர்மையில்ல அக்கா" என்று சொல்லிவிட்டுப் பையிலிருந்து தன் ஞானஸ்நானச் சீட்டை எடுத்துக் கொடுத்தாள். அவள் அப்பா கையால் தொட்ட காகிதம் அது ஒன்றுதானாம். அதில் அவள் முழுப்பெயர் இருந்தது. ஜெசி அந்தோணியம்மாள்.

அந்தோணிசாமி அப்பா, அந்த 'ஏ' நீங்கள்தான். கோபம் தீராதவன் பெற்ற பிள்ளைக்கு அண்ணன் பெயரை வைப்பானா?

திருநாள் முடியும்வரை இங்கேதான் இருக்கிறாள். அன்றைக்கு உங்கள் கல்லறையில் முதல் மெழுகுவர்த்தியை அவள்தான் ஏற்றுவாள். பெரியப்பா என்று கூப்பிடுவாள், அசையாமல் படுத்திருக்கப் பாருங்கள். இனி எந்தக் காலத்திலும் அவளைத் தொலைக்கமாட்டேன், இது சத்தியம். எத்தனையோ கடிதத்தில் 'உங்கள் ஒத்தைப் பிள்ளை' என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன். இனிமேல் அப்படிப் போட முடியாது.

உங்கள் மூத்த மகள்,
ரோஸ்