மதுரைக்கு நான்கு மணி நேரம்

நவம்பர் 9, சனி

அண்ணனும் அண்ணியும் சிங்கப்பூர் கிளம்பினார்கள். அவர்கள் மகள் சிவரஞ்சனிக்கு அங்கே பிரசவம். "அப்பாவைப் பாத்துக்க பாப்பா" என்றான். அம்மாவை முன்பு இப்படித்தான் அவனிடம் விட்டுவிட்டு நான் துபாய்க்கு வேலைக்குப் போனேன்.

நவம்பர் 14

குரங்கணி ஏலக்காய்த் தோட்டத்தில் விடாத மழை. காய் பறிக்க ஆள் வரவில்லை. வீட்டில் அப்பாவுக்கு மூச்சு இரைக்கிறது.

நவம்பர் 17

எழுதிவிடுகிறேன். உள்ளேயே வைத்திருந்தால் தாங்காது.

இரண்டு வருடம் முன்பு அம்மா இறந்துபோனபோது துபாய் ஏர்போர்ட்டில் நின்றுகொண்டு அண்ணனிடம் போனில் கெஞ்சினேன். டிக்கெட் கையில் இருக்கிறது, விடிந்தால் வந்துவிடுவேன், வைத்திருங்கள் என்று. "துபாய் என்ன பக்கத்துலயா இருக்கு? அதுவரைக்கும் தாங்காது" என்று போனை வைத்துவிட்டான். நான் வந்து இறங்கியபோது அம்மாவை எடுத்து வீட்டைக் கழுவிவிட்டிருந்தார்கள். போடியில் ஐஸ்பெட்டியா கிடைக்காது? மறுநாள் ஏல மையத்தில் அவனுக்குக் காய் விற்க வேண்டியிருந்தது. அவ்வளவுதான்.

இன்று போனில் தேடிப் பார்த்தேன். துபாயிலிருந்து மதுரைக்கு ஏறக்குறைய மூவாயிரம் கிலோமீட்டர். விமானத்தில் நான்கு மணி நேரம். சிங்கப்பூரிலிருந்தும் கிட்டத்தட்ட அதே தூரம், அதே நேரம்.

சிரித்தேன். அவனுக்கும் ஒரு நாள் வரும்ல.

பக்கத்து அறையில் அப்பா இருமுகிறார். என்ன நினைப்பு இது? — நினைக்கத்தான் செய்கிறேன்.

நவம்பர் 22

அப்பா போய்விட்டார். மத்தியானம் கஞ்சி குடித்துவிட்டுச் சாய்ந்தவர்தான்.

எப்போது எடுக்கலாம் என்று மொக்கச்சாமி சித்தப்பா என்னைத்தான் கேட்டார். பொழுது சாய்வதற்குள் எடுத்துவிடலாம் என்றேன். எத்தனை நாளாய் நாக்கில் வைத்திருந்த சொல்.

அண்ணன் போனில் அழுதான். "டிக்கெட் போட்டுட்டேன் பாப்பா. காலையில வந்துருவேன். ஒரே ஒரு தடவை மொகத்தைப் பாத்துக்கிறேன்."

போனைக் கட் பண்ணினேன். கெஞ்சட்டும். நானும் இப்படித்தானே—

பிறகுதான் உறைத்தது. எடுத்துவிட்டால் பழிக்குப் பழி சரியாகிவிட்டது என்று அவன் நிம்மதியாகிவிடுவான். கூடாது. வரட்டும். வைத்திருக்க முடியும் என்று அவன் கண்ணாலேயே பார்க்கட்டும். சித்தப்பாவிடம் ஐஸ்பெட்டி கொண்டாரச் சொன்னேன்.

நவம்பர் 23

வந்தான். பெட்டிக் கண்ணாடியில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதான். மற்றவர்கள் விலகும்வரை பொறுத்திருந்து பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"நல்லாப் பாத்துக்கண்ணே. அம்மாவையும் இப்படி வச்சிருக்கலாம்."

அழுகை நின்றுவிட்டது. தலையை நிமிர்த்தவே இல்லை.

நவம்பர் 29

இனிக்கும் என்று நினைத்தேன். இனிக்கத்தான் செய்தது, ஒரு நாள்.

டிசம்பர் 8

நேற்று கருமாதி முடிந்தது. அண்ணன் இன்று கிளம்பியிருக்க வேண்டும். டிக்கெட்டைத் தள்ளிப் போட்டுவிட்டான் என்று சிங்கப்பூரிலிருந்து அண்ணி போனில் சொன்னாள். பெட்டிப் பக்கத்தில் அதைச் சொன்ன அன்றிலிருந்து அவன் என்னிடம் பேசவில்லை. நானும்தான்.

காலையில் தோட்டத்துக்குப் போக ஜீப்பில் ஏறினேன். அவனும் வந்து பின்னால் உட்கார்ந்தான். எடுக்கலாமா என்பதுபோல் டிரைவர் என் முகத்தைப் பார்த்தார்.

வண்டியை எடுக்கச் சொன்னேன்.