உன் வண்டியைப் பற்றி நான் சொன்ன சொல்

அன்புள்ள சவரி,

நீ போன பிறகு உனக்கு எழுதும் முதல் கடிதம் இது. நலம் விசாரித்துத் தொடங்க முடியாத இடத்தில் நீ இருக்கிறாய். நானோ தலை நிமிர்ந்து எழுத முடியாத நிலையில் இருக்கிறேன். பத்துப் பேர் கேட்கச் சொன்ன ஒன்றை உன்னிடம் மட்டும் தனியாகத் திருத்திக்கொள்வது நியாயமில்லை. அதனால்தான் மற்றவர்களும் படிக்கட்டும் என்று பத்திரிகைக்குக் கொடுக்கிறேன்.

உன் ஜீப் வண்டியை விற்றுவிட உன் மனைவி லில்லி முடிவெடுத்தாள். வாசலில் நின்று துருப்பிடிப்பதைப் பார்க்க அவளால் முடியவில்லை. "ஓடுற வண்டியாவே போகணும்ணே. ஒடச்சு விக்கிறவங்க கையில மட்டும் குடுத்துராதீங்க" என்றாள். ஆள் பார்க்கும் பொறுப்பை நான் ஏற்றுக்கொண்டேன். தொப்பம்பட்டிப் பக்கம் தென்னந்தோப்பு வைத்திருக்கும் ஒருவர் வந்தார். தண்ணீர் பாய்ந்தால் அவருடைய தோப்புப் பாதை முழுக்கச் சேறு. நான்கு சக்கரமும் சேர்ந்து இழுக்கும் ஃபோர் வீல் வேலை செய்தால்தான் எடுத்துக்கொள்வேன் என்று முதலிலேயே சொல்லிவிட்டார்.

அகரத்தில் உன் தம்பியின் வயலில் உழவுக்குத் தண்ணீர் விட்டிருந்தார்கள். அங்கேயே ஓட்டிக் காட்டலாம் என்று நான்தான் சொன்னேன். கியருக்குப் பக்கத்தில் இருக்கும் குட்டைக் கம்பியை இழுத்து ஃபோர் வீலில் போட்டேன். முன்னால் டாஷ்போர்டில் பச்சை விளக்கு எரிந்தது. தைரியமாக வயலில் இறக்கினேன். வண்டி தன் நீளம்கூடப் போகவில்லை. பின்சக்கரங்கள் சுழன்று குழி தோண்டின. முன்சக்கரங்கள் அசையவே இல்லை.

"ஏனுங்க, முன்னாடி வீலு ரெண்டும் சும்மா நிக்குதுங்களே?" என்றார் தோப்புக்காரர், வரப்பில் இருந்தபடி.

"லைட்டு எரியுதுங்க" என்றேன்.

இழுக்க வந்த டிராக்டர்க்காரர் விடவில்லை. "லைட்டு எரிஞ்சா போதுமாப்பு? கல்யாண வீட்டுல கூடத்தான் எரியுது. அது எங்குட்டுப் போகுது?"

எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பைத் தாங்க முடியாமல்தான் அதைச் சொன்னேன். "சவரிக்குப் பத்திரிகைக்குப் படம் எடுக்கத்தாங்க தெரியும். வண்டியப் பாத்துக்கவே இல்ல. உள்ள எல்லாத்தையும் தேய விட்டுட்டுப் போயிட்டான்."

எதைப் பார்த்துவிட்டுச் சொன்னேன்? வண்டிக்கு அடியில் குனிந்துகூடப் பார்க்கவில்லை. ஒரு பேருந்து கவிழ்ந்த செய்திக்குக்கூட இரண்டு இடத்தில் விசாரிக்காமல் எழுதியதில்லை என்று உன்னிடமே எத்தனை முறை பெருமை பேசியிருக்கிறேன். உன்னைப் பற்றிய செய்திக்கு ஓர் இடத்தில்கூட விசாரிக்கவில்லை. தோப்புக்காரர் கும்பிட்டுவிட்டுக் கிளம்பினார். லில்லி வரப்பில் நின்று சேற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் உன் வீட்டுக்குப் போனேன். லில்லி காபி கொடுத்துவிட்டுக் கேட்டாள். "அண்ணே, நேத்து வயல்ல எறங்குறதுக்கு முந்தி நீங்க கீழ எறங்கவே இல்லியே?"

"எதுக்கு?"

"அவரு எறங்குவாரே. முன்சக்கரம் ரெண்டுலயும் நட்டநடுவுல என்னத்தையோ திருகிட்டுத்தான் ஏறுவாரு."

நானும் அதைப் பார்த்தவன்தான் சவரி. வெள்ளச் செய்திக்குப் போன ஊர்களில் எல்லாம் பார்த்திருக்கிறேன். சேறு தொடங்கும் இடத்தில் வண்டியை நிறுத்துவாய். இறங்கி, ஒரு சக்கரத்தின் முன் குனிவாய். சுற்றிப் போய் மறு சக்கரத்தின் முன் குனிவாய். ஏறியதும் நெற்றியில் சிலுவை போட்டுக்கொள்வாய். நான் சட்டை நனையாமல் உள்ளே உட்கார்ந்திருப்பேன். மூன்றும் சேர்ந்து உன் செபம் என்றே நினைத்திருந்தேன்.

"சக்கரத்துக்கெல்லாமாடா செபம்?" என்று ஒருமுறை கேட்டேன்.

"ஒன்னையும்ல ஏத்திட்டுப் போறேன் மச்சான். செய்யாம முடியுமா?" என்றாய்.

என்ன செய்கிறாய் என்று ஏன் நான் இறங்கி வந்து பார்க்கவில்லை? பக்கத்து இருக்கையில் இருந்தவனின் வேலை பார்ப்பதுதானே?

நானும் லில்லியும் சக்கரங்களுக்கு முன் உட்கார்ந்தோம். நடுவில் காய்ந்திருந்த மண்ணைச் சுரண்டினால் கைக்குள் அடங்கும் ஒரு குமிழ். ஹப் லாக் என்கிறார்கள். உள்ளே கம்பியை இழுத்தால் விசை முன்அச்சு வரைக்கும் வரும். இந்தக் குமிழைப் பூட்டினால்தான் அது சக்கரத்தைப் பிடிக்கும். விளக்கு எரிவதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

இடது குமிழ் துணி சுற்றித் திருகியதும் திரும்பியது. வலது இறுகியிருந்தது. ஒன்றுதான் பூட்டியிருக்கிறதே என்று ஓட்டிப் பார்த்தேன். பலனில்லை. பூட்டாத பக்கமாக விசை வீணாகிவிடும் என்று பிறகுதான் புரிந்தது. எண்ணெய் விட்டு, சற்று நேரம் காத்திருந்து, வண்டியை முன்னும் பின்னும் லேசாக அசைத்துத் திருகியபோது வலதும் பூட்டிக்கொண்டது. குளத்து மணலில் இறக்கினோம். நான்கு சக்கரமும் இழுத்தன. எதுவும் தேயவில்லை சவரி. நீ விட்டுப்போனபடியே இருக்கிறது.

"இம்புட்டுத்தானாண்ணே?" என்றாள் லில்லி. குத்தலாகக் கேட்கவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

கடிதத்தை இங்கேயே முடித்திருக்கலாம். முடியாதபடி இன்னொன்றும் செய்தேன். அன்று மாலை லில்லிக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டுத் தோப்புக்காரரிடம் பேசினேன். "சின்னக் கோளாறுங்க, சரி பண்ணியாச்சு" என்றேன்.

"நெனச்சேனுங்க. வெச்சிருந்தவரு பாக்காம உட்டத நீங்க பாத்துச் சரி பண்ணிப்போட்டீங்க. ஞாயித்துக்கெழம வாரேனுங்க" என்றார்.

தவறு என்னுடையது என்று அந்த இடத்தில் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். நான் "வாங்க" என்று மட்டும் சொல்லிப் போனை வைத்தேன்.

லில்லி முகத்தைப் பார்க்க முடியவில்லை. அவள்தான் முதலில் பேசினாள். "விடுங்கண்ணே. அவருக்கென்ன, தெரியவா போகுது?"

உனக்குத் தெரியட்டும் என்றுதான் எழுதுகிறேன். பத்திரிகையில் நாம் திருத்தம் போட்ட விதம் உனக்கு நினைவிருக்கும். தவறு முதல் பக்கத்தில் வந்திருக்கும். திருத்தம் உள்பக்கத்தில், யார் கண்ணிலும் படாத மூலையில் வரும். இதை அப்படிச் செய்ய மாட்டேன். ஞாயிற்றுக்கிழமை தோப்புக்காரரை அதே வயலுக்கு அழைத்துப் போகிறேன். உன் தம்பியும் டிராக்டர்க்காரரும் இருப்பார்கள். லில்லியையும் வரச் சொல்லியிருக்கிறேன். வண்டியில் கோளாறே இல்லை, எனக்கு ஓட்டத் தெரியாததற்கு இறந்தவன்மீது பழி போட்டவன் நான் என்று சேற்றில் நின்று சொல்வேன். அதற்குப் பிறகு அவர் வாங்கினாலும் சரி, வாங்காமல் போனாலும் சரி. இது உனக்கு நான் தரும் வாக்கு.

உன் லில்லி இன்னமும் அண்ணன் என்றே அழைப்பதால்,
உன் மச்சான்.