கடைசி நாலு வரி

மாசாய், ஜொகூர்.
16 ஆகஸ்ட் 2021

அன்புள்ள தம்பி லோகேஸ்வரனுக்கு,

மாசாயிலிருந்து ஐயாசாமி எழுதுகிறேன். இது செய்தி இல்லை, கடிதம். ஆகவே தலைப்பு தேட வேண்டாம், கடைசியிலிருந்து வெட்டிக்கொண்டு வரவும் வேண்டாம். முழுவதையும் வாசியுங்கள், அது போதும்.

கோலாலம்பூரில் நீங்களும் வீட்டிலும் பிள்ளைகளும் சுகமாக இருக்க வேண்டும். உங்கள் பேப்பரின் செய்திப் பிரிவில் இரண்டு பேருக்குத் தொற்று என்றும், மீதிப் பேர் வீட்டிலிருந்தே பக்கம் கட்டுகிறார்கள் என்றும் கேள்விப்பட்டேன். இங்கே எனக்கு இருமல் இல்லை, காய்ச்சல் இல்லை. இரண்டு ஊசியும் போட்டாகிவிட்டது. அலுப்பு மட்டும்தான். காலையில் எழும்போதே நாள் முழுக்க நடந்துவிட்டு வந்தவன் போல எழுகிறேன். இதற்கு எந்த கிளினிக்கிலும் மருந்து வைத்திருப்பதாகத் தெரியவில்லை.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பீர்கள். நான்கு முறை போன் செய்துவிட்டேன். முதல் முறை, பாக்கலாம்ணே என்றீர்கள். இரண்டாம் முறை மீட்டிங் என்றீர்கள். அப்புறம் எடுக்கவே இல்லை. வாட்சாப்பில் நீலக் கோடு விழுகிறது, பதில் விழவில்லை. மேலும் இந்தச் சின்ன வீட்டில் போனில் பேசினால் என் வீட்டுக்காரி பேச்சியம்மாளுக்குக் கேட்டுவிடும். விஷயமே அவளைப் பற்றியதுதான். இப்போது கூடத்தில் உட்கார்ந்திருக்கிறாள். நான் செய்தி எழுதுகிறேன் என்று நினைத்துக்கொண்டு டிவி சத்தத்தைக் குறைத்து வைத்திருக்கிறாள். நான் உங்கள் பேப்பருக்குப் பாசிர் கூடாங் நிருபராக இருக்கும் இருபத்தாறு வருடமும், நான் பேனாவை எடுத்தால் அவள் அப்படித்தான் செய்கிறாள்.

வாசுகி டீச்சர் செய்தி உங்களுக்கு மறந்திருக்காது. ஜூன் மாதம், முதல் பக்கம். ‘தடுப்பூசி போட்ட ஐந்தாம் நாள் ஆசிரியை மரணம்.’ அந்தத் தலைப்பு உங்களுடையது. கீழே என் பெயர். இத்தனை வருடத்தில் கோயில் திருவிழா, பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டி, தொழிற்சாலைத் தீ, சாலை விபத்து என்று எத்தனையோ எழுதியிருக்கிறேன். முதல் பக்கத்தில் என் பெயர் வந்தது அன்றைக்குத்தான்.

செய்தியில் பொய் ஒன்றும் இல்லை. டீச்சர் ஊசி போட்டது உண்மை. ஐந்தாம் நாள் இறந்தது உண்மை. ஆனால் நான் அனுப்பியதில் கடைசியாக ஒரு பாரா இருந்தது. உங்கள் கம்ப்யூட்டரில் இல்லாவிட்டாலும் என் நோட்டில் இருக்கிறது. அப்படியே எழுதுகிறேன்:

“ஆசிரியை ஊசி போட்டுக்கொள்வதற்கு முந்தைய வாரமே தம் வீட்டில் இருவருக்குத் தொற்று கண்டிருந்ததாக அவர் கணவர் கூறினார். ஆசிரியைக்கும் தொற்று இருந்தது பரிசோதனையில் உறுதியானது. மரணத்திற்குத் தொற்றே காரணம், ஊசி அல்ல என்று மருத்துவர் தம்மிடம் தெளிவாகச் சொன்னதாகவும் அவர் தெரிவித்தார்.”

அச்சில் வந்தால் நாலு வரி, மிஞ்சிப்போனால் ஐந்து. அன்று சாயங்காலம் மாநில வாரியாகத் தொற்று எண்ணிக்கைக் கட்டம் தாமதமாக வந்தது, பக்கத்தில் இடமில்லை, அடியிலிருந்து எடுத்துவிட்டோம் என்று நீங்கள் பிறகு சொன்னீர்கள். அது உங்கள் வேலை, எல்லாப் பேப்பரிலும் நடப்பதுதான். நான் உங்களைக் குற்றம் சொல்லவில்லை. என்னைச் சொல்கிறேன். மறுநாள் காலை பேப்பரைப் பிரித்ததும் அந்தப் பாரா இல்லை என்று எனக்குத் தெரிந்தது. உடனே போன் செய்திருக்க வேண்டும். செய்யவில்லை. முதல் பக்கத்தில் என் பெயரைப் பார்த்துக்கொண்டே கோப்பி குடித்தேன். அன்று முழுக்க மூவாரிலிருந்தும் குளுவாங்கிலிருந்தும் ஆட்கள் கூப்பிட்டு, பிரமாதம்ணே, தைரியமா எழுதிட்டீங்க என்றார்கள். நானும் கேட்டுக்கொண்டிருந்தேன். டீச்சரின் கணவர் மட்டும், நான் சொன்னத ஏன் சார் போடல என்று கேட்டார். இடமில்லை என்றேன். அவர் போனை வைத்துவிட்டார்.

அந்தச் செய்தியைப் பேச்சியம்மாள் கத்தரித்து, லேமினேட் செய்து, என் செய்திகளை ஒட்டி வைக்கும் ஃபைலில் முதலாவதாக வைத்தாள். வைத்ததோடு நிற்காமல் அதை நம்பியும் விட்டாள். அவளுக்கு வயது அறுபத்தொன்று. சீனி வியாதி இருக்கிறது, பிரஷர் இருக்கிறது. ஜூலையில் மைசெஜாத்ரா செயலியில் ஊசிக்கு முதல் தேதி வந்தது. முட்டி வலிக்குது என்றாள். இந்த மாதம் இரண்டாவது தேதி வந்தது. ஃபைலைக் கொண்டுவந்து என் மடியில் போட்டு, இத எழுதின ஆளே என்ன ஊசி போட்டுக்கச் சொல்றீங்களே என்றாள்.

நடந்ததைச் சொன்னேன் தம்பி. ஒரு பாரா விட்டுப்போச்சு, அதில் இன்னதுதான் இருந்தது என்று நோட்டையே காட்டினேன். லோகேஸ்வரன் தம்பி அப்படி வெட்டுற ஆள் இல்ல, ஊசி போடவைக்க நீங்களா இப்ப எழுதிக்கிட்டது என்கிறாள். நீங்கள் இங்கே வந்தபோது அவள் வைத்த நண்டுக் குழம்பை மூன்று தரம் ஊற்றிச் சாப்பிட்டீர்கள். அதோடு உங்கள் மேல் அவளுக்கு வந்த நம்பிக்கை, முப்பத்தெட்டு வருடம் கூட வாழ்ந்த என் மேல் இல்லை.

வெளியே போனால் இதைவிட மோசம். எங்கள் தாமான் குடியிருப்பில் இதே வரிசையில் இருக்கும் செல்வா தொழிற்சாலை பஸ் ஓட்டுகிறவர். அவர் கணக்குப்படி அரசாங்கம் தொற்று எண்ணிக்கையை ஏற்றிச் சொல்கிறது. அவர் பஸ்ஸில் போகிறவர்கள் கணக்குப்படி குறைத்துச் சொல்கிறது. சாப்பாடு பொட்டலம் கட்டும் இடத்தில் ஒரு மீட்டர் தள்ளி நின்றுகொண்டே இந்தச் சண்டை தினமும் நடக்கிறது. எங்க தாமான் பேர ஏன்யா பேப்பர்ல போட்ட, எங்க பிள்ளைங்கள வேலைக்கு வராதன்னு சொல்றான் என்று ஒருவர் என்னைத் திட்டுகிறார். போடாவிட்டால், மறைக்கிறதுக்கு எவ்வளவு வாங்கின என்று இன்னொருவர். இருபதாயிரம், இருபத்தோராயிரம் என்று தினமும் எழுதி எழுதி, அந்த எண் இப்போது எனக்கே ஒன்றும் சொல்வதில்லை.

பேச்சியம்மாள் சுகாதார அமைச்சின் எண்ணிக்கையை நம்புவதில்லை. அவளுக்குத் தனிக் கணக்கு இருக்கிறது. காலையில் பேப்பர் வந்ததும் நேரே மரண அறிவிப்புப் பக்கத்துக்குப் போய்விடுவாள். முன்பு ஒரு பக்கம் இருந்தது, இப்போது நான்கு பக்கம் போடுகிறீர்கள். ஒவ்வொரு படமாக விரலை வைத்து எண்ணி, காலண்டரில் அன்றைய கட்டத்தில் எழுதி வைக்கிறாள். போன செவ்வாய் முப்பத்தெட்டு. நேற்று நாற்பத்து மூன்று. இவ்வளவு பேர் போறாங்களே, பயமா இல்லையா உனக்கு என்று கேட்டேன். பயமாத்தான் இருக்கு, அதுல எத்தன பேரு ஊசி போட்டவங்களோ என்கிறாள். படத்துக்குக் கீழே அதை யார் எழுதுகிறார்கள்?

இனி நான் செய்த கூத்தையும் சொல்லிவிடுகிறேன். சிரித்துக்கொள்ளுங்கள், நான் வருத்தப்பட மாட்டேன். அந்த நாலு வரியை நம் பேப்பர் எழுத்து மாதிரியே தட்டச்சு செய்து, பத்தி அகலத்தையும் ஸ்கேல் வைத்து அளந்து, மாசாயில் ஒரு ஜெராக்ஸ் கடையில் மங்கலான தாளில் அச்சடித்தேன். மேலே ‘விடுபட்ட செய்தி’ என்று தலைப்பு. ஓரத்தைக் கொஞ்சம் கோணலாகக் கத்தரித்து, பார், பேப்பரில் போட்டுவிட்டார்கள் என்று நீட்டினேன். அவள் வாசிக்கவே இல்லை. கட்டைவிரலை வைத்துத் தேய்த்துப் பார்த்தாள். தினமும் பேப்பர் படித்து அவள் கட்டைவிரல் கறுத்திருக்கும். இதில் மை ஒட்டவில்லை. எந்த நாள் பேப்பரு, நான் படிக்காத பேப்பரு எது என்று கேட்டாள். கையும் களவுமாக மாட்டிக்கொண்டேன். அறுபத்தைந்து வயதில், சொந்த மனைவியிடம், கள்ளச் செய்தி அடித்து மாட்டிக்கொண்ட நிருபர் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

அவள் அழுதாள் தம்பி. திட்டியிருந்தால் தேவலை. இத்தன வருஷத்துல பேப்பர்ல வந்ததுன்னு நீங்க ஒரு பொய் சொன்னதில்ல என்றாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, வீட்டுல சொல்றது எனக்கு வேணாம், நெசம்னா பேப்பர்ல வரட்டும், வந்தா அன்னைக்கே போய்ப் போட்டுக்கறேன் என்றாள். அவள் சொன்னால் சொன்னதுதான். சீனி வியாதி என்று டாக்டர் சொன்ன அன்று கோப்பிக்குச் சீனியை நிறுத்தியவள், இன்றுவரை தீபாவளிக்குக்கூட ஒரு துண்டு பலகாரம் தொட்டதில்லை.

இந்த மாதம் இருபத்தாறாம் தேதி, வியாழக்கிழமை, ஊசி போடும் குழு எங்கள் பின்வரிசையில் இருக்கும் பாலாய்ராயா பொது மண்டபத்துக்கு வருகிறது. ஒரே ஒரு நாள். அவள் முட்டியோடு நடந்தே போய்விடலாம். அதை விட்டால் தூரமாக அழைத்துப் போக வேண்டும், அதற்கு அவள் கிளம்ப மாட்டாள். மகன் ரூபேந்திரன் பாசிர் கூடாங் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலைக்குப் போய் வருகிறான். அவன் ஷிப்டில் இந்த வாரம் மட்டும் மூன்று பேருக்குத் தொற்று. மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு வெளிக் குழாயில் குளித்துவிட்டுத்தான் உள்ளே வருகிறான். சாப்பாட்டுத் தட்டை வாசலுக்கு எடுத்துப் போகிறான். ஆனாலும் ஒரே வீடு, ஒரே காற்று. அவன் தும்மினால் எழுந்து போய் ஜன்னலைத் திறக்கிறேன். எனக்குப் பயமாக இருக்கிறது தம்பி. இதற்கு மேல் எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.

நீங்கள் என்ன சொல்வீர்கள் என்பதும் தெரியும். செய்தியில தப்பு இல்லையேண்ணே, எதத் திருத்தறது என்பீர்கள். இரண்டு மாதம் கழித்து இப்போது போட்டால், அரசாங்கம் மிரட்டிப் போடவைத்தது என்று ஊசிக்கு எதிராகக் காணொளி போடுகிறவர்கள் கத்துவார்கள், முதலாளி உங்களைத்தான் கேட்பார். எல்லாம் வாஸ்தவம். நான் திருத்தம் கேட்கவில்லை, வருத்தம் தெரிவிக்கச் சொல்லவில்லை. ஜூன் மாதச் செய்தியில் விடுபட்டது என்று ஒரு சொல் போட்டு, அந்தப் பாராவை மட்டும் போடுங்கள். யாராவது கேட்டால், அந்தக் கிழவன் சேர்த்து அனுப்பாமல் விட்டுவிட்டான் என்று என் மேல் போடுங்கள். இனி நிருபர் வேலை வேண்டாம் என்றாலும் அடையாள அட்டையைத் தபாலில் அனுப்பிவிடுகிறேன்.

முதல் பக்கம் வேண்டாம். என் பெயரும் வேண்டாம். மரண அறிவிப்புப் பக்கத்தில் படங்களுக்கு நடுவே இடம் மிஞ்சினால் ஒரு குத்துவிளக்குப் படம் போட்டு நிரப்புவீர்களே, அந்த விளக்கை எடுத்துவிட்டு அங்கே போடுங்கள். இருபத்தைந்தாம் தேதி, புதன்கிழமைப் பேப்பரில். அவள் விரலை வைத்து எண்ணிக்கொண்டு வரும்போது அந்த இடத்தில் நிற்பாள். தேய்த்துப் பார்ப்பாள், மை ஒட்டும். எனக்கு அது போதும்.

இப்போது இடமில்லை என்றால், பிறகு ஒருநாள் அதே பக்கத்துக்கு நானே ஒன்று எழுதி அனுப்ப வேண்டி வரலாம். அதை நீங்கள் அடியிலிருந்து வெட்ட மாட்டீர்கள். ஒரு எழுத்தும் குறையாமல், படத்தோடு போடுவீர்கள். அந்த மரியாதையை இப்போதே, இந்த நாலு வரிக்குக் கொடுத்துவிடுங்கள் தம்பி.

மாநில எல்லை திறந்ததும் குடும்பத்தோடு இந்தப் பக்கம் வாருங்கள். நண்டு வாங்கி வைக்கிறேன். பேச்சியம்மாள்தான் சமைக்க வேண்டும்.

உங்கள் பிள்ளைகள் நோய்நொடி இல்லாமல் நெடுநாள் இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்ளும்,

ஐயாசாமி
பாசிர் கூடாங் நிருபர்