முள்ளங்கிப் பாத்திக்கு நிழல்

கொட்டிவாக்கம்
28-4-1996

அன்புள்ள கரோல் அப்பாவுக்கு,

மாதா தயவில் நானும் கரோலும் சுகம். அங்கே உங்கள் உடம்பும் நன்றாக இருக்கும் என்று நம்புகிறேன்.

ஜூனில் லீவு என்று எழுதியதிலிருந்து எனக்குக் கையும் காலும் ஓடவில்லை. போன தடவை வந்தபோது கடை முள்ளங்கி சக்கை என்று தட்டில் ஒதுக்கிவைத்தீர்களே, அதனால் நானே கிணற்றடியில் விதை போட்டிருக்கிறேன். நாலிலை விட்டுவிட்டது. பக்கத்து வீட்டு பொன்ராஜ் மதிலுக்கு மேலே எட்டிப் பார்த்து, "இன்னா டீச்சரம்மா, கத்திரி வெயில் வரப் போவுது, இப்பப் போயி முள்ளங்கி போட்டுக்கினு கீறீங்க" என்று சிரித்தார். சிரிக்கட்டும். சூடு ஏறினால் கிழங்கு வைக்காமல் பூத்துவிடும் என்று எனக்கும் தெரியும். அதற்கு ஒரு வழி செய்திருக்கிறேன். கரோல் எடுத்த போட்டோவில் பாருங்கள்.

உங்கள் மர்சலின்

மஸ்கட்
11-5-1996

அன்புள்ள மர்சலின்,

கடிதமும் போட்டோவும் கிடைத்தன. நான் சுகம்.

முள்ளங்கி இருக்கட்டும். பாத்திக்கு மேலே கயிற்றில் தொங்குவது நீலக் கட்டம் போட்ட லுங்கி. பக்கத்தில் இன்னொன்று. நான் இல்லாத வீட்டில் ஆம்பளைத் துணி எப்படி வந்தது? என் அறையில் இருக்கும் கரீமுல்லா போட்டோவை வாங்கிப் பார்த்துவிட்டு, "வூட்டாண்ட ஆம்பள யாரு நைனா கீறாங்க?" என்று கேட்டான். அன்றிலிருந்து அவன் முகத்தைப் பார்க்கவே கூச்சமாக இருக்கிறது.

அந்த பொன்ராஜுக்கு நம் மதிலை எட்டிப் பார்க்க என்ன வேலை? மே மாதம் மெட்ராஸில் முள்ளங்கி விளைகிறது என்றால் யார் நம்புவார்கள்? உடனே எழுது.

ராஜநாயகம்

கொட்டிவாக்கம்
23-5-1996

அன்புள்ள கரோல் அப்பாவுக்கு,

சுகம், சுகமறிய ஆவல். உங்கள் கேள்வியைப் படித்ததும் முதலில் சிரிப்பு வந்தது. இரண்டாம் தடவை படித்தபோது சிரிக்க முடியவில்லை. போட்டோவை நிதானமாகப் பாருங்கள். அந்த லுங்கி யாருடையது என்று என்னைவிட உங்களுக்குத்தான் தெரிய வேண்டும். நீங்களாகக் கண்டுபிடித்து எழுதினால் எனக்குச் சந்தோஷம்.

கிணற்றுத் தண்ணீர் உப்புக் கரிக்கிறது. அரிசி களைந்த தண்ணீரும் லாரித் தண்ணீரும்தான் பாத்திக்கு. கிழங்கு விரல் பருமன் வந்துவிட்டது. நீங்கள் வரும்போது பிடுங்கச் சரியாக இருக்கும்.

உங்கள் மர்சலின்

மஸ்கட்
4-6-1996

மர்சலின்,

நேராகக் கேட்டால் விடுகதை போடுகிறாய். மடியில் கனமில்லாவிட்டால் வழியில் எதற்குப் பயம்? டிக்கெட் இன்னும் எடுக்கவில்லை. சாந்தோமில் தம்பி ஸ்டீவுக்கு போன் செய்து, சொல்லாமல் கொள்ளாமல் போய்ப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். அவன் சொல்வதைக் கேட்டு வருவதா வேண்டாமா என்று முடிவு செய்வேன்.

ராஜநாயகம்

கொட்டிவாக்கம்
17-6-1996

கரோல் அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்துக்கு முன்பே ஸ்டீவ் வந்துவிட்டார். பெல் அடிக்கவில்லை. பின்பக்க மதிலில் தொத்திக்கொண்டு நின்றவரைக் கரோல்தான் பார்த்து, "சித்தப்பா, ஏன் திருடன் மாதிரி வர்றீங்க?" என்று கேட்டாள். பாவம், தலையைக் குனிந்துகொண்டார். உள்ளே கூப்பிட்டு மோர் கொடுத்தேன். பிறகு பாத்திக்கு அழைத்துப் போனேன். லுங்கி ஓரத்தில் ஓட்டை இருக்கிறது, கிறிஸ்மஸுக்கு நட்சத்திரம் கட்டும்போது நீங்கள் சிகரெட்டால் சுட்டது. நான் காட்டுவதற்கு முன்பே, "இது அண்ணன் லுங்கியாச்சே அண்ணி" என்றார்.

பீரோவில் கிடந்த உங்கள் பழைய லுங்கி நாலையும் ஒட்டுப் போட்டுத் தைத்துத்தான் நிழல் கட்டினேன். புருஷன் ஊரில் இல்லாத வீட்டில் கொடியில் ஆம்பளைத் துணி கிடந்தால் திருடன் வரமாட்டான் என்று உங்கள் அம்மாதான் எனக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். வெயிலுக்கும் ஆச்சு, காவலுக்கும் ஆச்சு என்று நினைத்தேன்.

அன்றே அவிழ்த்து, தையலைப் பிரித்து, துவைத்து, மடித்து ஸ்டீவிடம் கொடுத்தனுப்பிவிட்டேன். நீங்கள் லீவில் வந்தால் சாந்தோமிலேயே தங்கிக்கொள்ளுங்கள். மாற்றிக் கட்ட அவை உதவும். ஞாயிறு பூசைக்குக் கரோலை அங்கே அழைத்து வருகிறேன், பார்க்கலாம்.

நிழல் போனதும் பாத்தி முழுக்கப் பூத்துவிட்டது. பிடுங்கிப் பார்த்தேன், எல்லாம் சக்கை. ஆட்டுக்கு ஆகும் என்று பொன்ராஜ் சம்சாரம் வாங்கிக்கொண்டு போனாள்.

மர்சலின்