குழாய்ச் சந்து வழியாக என் தம்பி

பிப்ரவரி 4

எழுத வெட்கமாக இருக்கிறது. எழுதாவிட்டால் தூக்கம் வராது. இன்று காலை கட்டடக் கம்பெனியிலிருந்து டை கட்டிய ஒருவர் வீட்டுக்குள் வந்தபோது, நான் சமையலறையில் முக்காலி மேல் ஏறி, ஜன்னலின் கம்பிவலையில் இடது காதை அழுத்திக்கொண்டு நின்றிருந்தேன். ஐம்பத்து மூன்று வயது. ஊருக்கெல்லாம் கண் பரிசோதித்துக் கண்ணாடி விற்கிற மனுஷன். வலையின் கட்டங்கள் கன்னத்தில் பதிந்துவிட்டன. அவர் பேசி முடிக்கிறவரை என் கன்னத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன சார் பண்றீங்க?"

"எறும்பு வருது," என்றேன்.

மனைவி அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டு சிரித்தாள். அவள் முதுகு சிரித்தால் எனக்குத் தெரியும்.

எங்கள் கட்டடம் மூன்று அடுக்கு, அடுக்குக்கு ஒரு வீடு. கீழே நாங்கள், நடுவில் என் தம்பி, மேலே பல் டாக்டர். மூன்று சமையலறை ஜன்னல்களும் குழாய்கள் இறங்குகிற ஒரு குறுகிய சந்தைப் பார்த்துத் திறக்கும். எலிக்குப் பயந்து வலை அடித்திருப்பதால் தலையை நீட்டி மேலே பார்க்க முடியாது. காது மட்டும்தான் போகும். எனக்கு அது போதும்.

டைக்காரர் விஷயத்துக்கு வந்தார். பக்கத்து அச்சகத்து இடத்தை ஏற்கெனவே வாங்கியாயிற்று. எங்கள் கட்டடத்தையும் சேர்த்து இடித்தால் பதினான்கு மாடி எழும்பும். ஆளுக்கு ஒரு புது வீடு, அல்லது அதற்கான பணம்.

"டாக்டர் சரின்னுட்டார் சார். நடு வீட்டு சாரும் சரின்னுட்டார். அவருக்கு வீடு வேண்டாமாம், பணமா குடுத்துடுங்க, பொண்ணு இருக்கிற ஊருக்கே போயிடறேங்கிறார். நீங்க ஒருத்தர்தான் பாக்கி."

போயிடறானாமா? யாரைக் கேட்டு?

சரி, என்னைக் கேட்கமாட்டான். நாங்கள் பேசிப் பதினோரு வருஷம் ஆகிறது.

பிப்ரவரி 6

கடைக்கு நடந்து போகும்போது தெருவைப் புதுசாகப் பார்த்தேன். அச்சகம் இருந்த இடத்தைச் சுற்றித் தகர வேலி. சின்ன வயதில் அந்த அச்சு மெஷின் சத்தத்தில்தான் தம்பியும் நானும் தூங்குவோம். ஞாயிற்றுக்கிழமை மெஷினுக்கு லீவு, எங்களுக்குத் தூக்கம் வராது; அப்பாவிடம் அடி வாங்கித் தூங்குவோம். இப்போது வேலியில் பெரிதாக ஒரு படம்: நீச்சல் குளத்தோரம் ஒரு குடும்பம், எல்லாருக்கும் அநியாயத்துக்குப் பல். டாக்டர் அதைப் பார்த்துவிட்டு, "நம்ம கிளினிக் கேஸ் இல்ல," என்றார்.

மெத்தைக் கடை உடற்பயிற்சி நிலையமாகிவிட்டது. அன்றைக்குப் படுக்க மெத்தை வாங்கிப் போன அதே ஆட்கள் இன்றைக்கு அங்கே மெஷின் மேல் ஓடுகிறார்கள், எங்கேயும் போகாமல். சைக்கிள் ரிப்பேர் கடையில் காபி விற்கிறார்கள். அலங்காரத்துக்குச் சுவரில் ஒரு பழைய சைக்கிளை மாட்டியிருக்கிறார்கள். என் கடை மட்டும் இன்னும் என் கடை. ஆனால் கடை ஓனர் நேற்று என்னைப் பார்த்து இரண்டு கையும் கூப்பி வணக்கம் சொன்னார். காலி பண்ணச் சொல்லப் போகிறார் என்று அர்த்தம்.

பிப்ரவரி 9

எதற்குச் சண்டை என்று டைக்காரர் கேட்டார். சொல்லக் கூச்சமாக இருந்தது, இங்கே எழுதுகிறேன்.

மாடிப்படிக்குப் பக்கத்தில் ஒரு கார் நிற்கிற அளவுக்கு இடம் உண்டு. அப்பா எங்கள் இருவருக்கும் வீட்டைப் பிரித்துக் கொடுத்தபோது அந்த இடத்தை மறந்துவிட்டார். எனக்கு என்றேன் நான். எனக்கு என்றான் அவன். இருவரிடமும் கார் கிடையாது. இன்றுவரை கிடையாது. டாக்டர் தன் ஸ்கூட்டரை அங்கே நிழலில் நிறுத்திக்கொள்கிறார்.

"முதல்ல ஓட்டக் கத்துக்கோடா, அப்புறம் நிறுத்தலாம்," என்றேன்.

"நீயே வச்சுக்கோ. பாய் போட்டுப் படுத்துக்கோ," என்றான்.

அவ்வளவுதான். நாளைக்குப் பேசுவான் என்று நான் இருந்தேன். அவனும் அப்படியே இருந்திருப்பான்.

என் மனைவியும் தம்பி மனைவியும் சண்டையில் சேரவில்லை. மொட்டை மாடிக்குத் துணி உலர்த்தப் போனால் துணி காய்ந்த பிறகுதான் இறங்குவார்கள். என்ன பேசினீங்க என்று என் மனைவியைக் கேட்டால், "துணியைப் பத்தி," என்பாள்.

எனக்குக் குழாய்ச் சந்துதான் கதி. தம்பியிடம் சொல்ல வேண்டியதை ஜன்னலைப் பார்த்து மனைவியிடம் உரக்கச் சொல்வேன். "தண்ணி வரி கட்டியாச்சு, வேற யாரும் கட்ட வேண்டாம்." "பெரியப்பா போயிட்டாராம், காலையில எடுக்கறாங்களாம்." மேலேயிருந்து பதில் வரும்: ஓர் இருமல், இல்லாவிட்டால் டம்ளரை ணங்கென்று வைக்கிற ஓசை. பெரியப்பா வீட்டில் தம்பி எனக்கு முன்னாலேயே வந்து நின்றிருந்தான். அந்த இருமல் அச்சு அசல் எங்கள் அப்பா இருமல். ஆயிரம் பேர் இருமினாலும் கண்டுபிடித்துவிடுவேன்.

பிப்ரவரி 10

இரண்டு நாளாக இருமலைக் காணோம். செருப்பு வாசலில் இருக்கிறது, ஆளும் இருக்கிறான். டாக்டர் வேறு ஏதோ மாநாட்டுக்குப் போய்விட்டார். கட்டடமே வெறிச்சென்று கிடக்கிறது.

பிப்ரவரி 17

மனைவிக்கு லிஃப்ட் வேண்டும், வெளிச்சமான சமையலறை வேண்டும். நியாயம்தான். பதினான்கு மாடிகளுக்கு நடுவே உடைந்த பல் மாதிரி இந்த ஒரு கட்டடத்தை வைத்துக்கொண்டு நான் என்ன செய்யப் போகிறேன்? ஆனால் நான் கையெழுத்துப் போட்ட மறுநாள் அவன் பெட்டி கட்டிவிடுவான். ஒரே கட்டடத்தில் பேசாமல் இருக்கலாம், அது ஒரு மாதிரி பேச்சு. வேற ஊருக்குப் போய்ப் பேசாமல் இருந்தால் அதுக்குப் பேர் என்ன?

சாயங்காலம் மனைவி காய் நறுக்கும்போது ஜன்னலருகே நின்று ஆரம்பித்தேன்.

"இந்தக் கட்டடம் வெறும் தூணா நின்னப்போ அப்பா எங்களைக் கூட்டிட்டு வந்தார், தெரியுமா?"

"தெரியும். சொல்லுங்க," என்றாள்.

சொன்னேன். சுவரே எழும்பவில்லை. அப்பா சாக்பீஸால் தரையில் கோடு போட்டு, இது கூடம், இது படுக்கையறை என்று காட்டினார். நான் எல்லாக் கோட்டையும் தாண்டித் தாண்டி ஓடினேன். தம்பிக்கு ஐந்து வயது. அவன் மட்டும் கதவு வரைந்த இடத்தைத் தேடிப்போய், கையால் தள்ளித் திறந்து, உள்ளே போய், திரும்பவும் சாத்தினான். நான் கோட்டைத் தாண்டியதைப் பார்த்து ஓவென்று அழுதான். "அப்பா, அண்ணன் சுவத்துல மோதிக்கிட்டான்." அப்பா என்னை உட்காரவைத்து, இல்லாத காயத்துக்கு ஊதிவிட்டார். அப்புறம்தான் அவன் அழுகையை நிறுத்தினான்.

"அவனை மாதிரி ஒருத்தன் எதிர்ல இல்லாம எனக்கு எதுக்குப் புது வீடு?" என்று முடித்தேன். கொஞ்சம் அதிகப்படிதான்.

மேலே குழாய் மூடுகிற சத்தம். பிறகு இருமல், இரண்டு தடவை.

கேட்டுவிட்டான்.

பிப்ரவரி 26

டைக்காரர் எல்லாரையும் எங்கள் கூடத்தில் உட்காரவைத்தார். பதினோரு வருஷத்துக்குப் பிறகு தம்பி என் வீட்டுக்குள் வந்தான். தலையில் நரை. எனக்குச் சொல்லவேயில்லையே, எப்போது நரைத்தது? கதவோர நாற்காலியில், கண்டக்டர் வந்தால் இறங்கிவிடுகிறவன் மாதிரி உட்கார்ந்தான்.

மேஜை மேல் வரைபடத்தை விரித்தார்கள். எல்லாரும் எங்கே சமையலறை, எங்கே பால்கனி என்று விரல் வைத்தோம். தம்பி விரலைப் பார்த்தேன். அது வாசல்கதவு வரைந்த இடத்தில் நுழைந்து, கூடத்தைக் கடந்து, அடுத்த கதவு வழியாகப் படுக்கையறைக்குப் போயிற்று. ஒரு கோட்டைக்கூடத் தாண்டவில்லை.

"அண்ணன் வீடு எந்த மாடி?" என்று டைக்காரரிடம் கேட்டான்.

"நாலாவது சார்."

"அதுக்கு எதிர்ல காலியா இருக்கா?"

"இருக்கு... ஆனா நீங்க பணம்னு சொன்னீங்களே சார்?"

"சொன்னேன். மாத்தக் கூடாதா? உங்க கம்பெனி சட்டமா?"

தண்ணீர் கொண்டுவருகிறேன் என்று சமையலறைக்குள் போனவன், கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன். திரும்பி வந்தபோது கையில் தண்ணீர் இல்லை. தம்பி நிமிர்ந்து பார்த்தான்.

"கண்ணு ஏன் செவந்திருக்கு? கண்ணாடிக் கடை வச்சிருக்கே, ஒண்ணு மாட்டிக்கக் கூடாது?"

"உனக்கு வேணுமா? தம்பிங்கிறதால பாதி விலை."

"மீதிப் பாதி எதுக்குண்ணா?"

டாக்டர் முதலில் சிரித்தார். கையெழுத்துப் போட்டேன்.

மார்ச் 1

சாட்சாத் ராஜதந்திரி நான். தூது இல்லை, பஞ்சாயத்து இல்லை; ஒரு ஜன்னல், கொஞ்சம் தொண்டை, அவ்வளவுதான். மனைவியிடம் சொன்னேன். "ஆமாங்க, உங்களை மாதிரி வராது," என்று சொல்லிவிட்டு மொட்டை மாடிக்குப் போனாள். கையில் துணி ஒன்றும் இல்லை.

மே 19

காலி செய்தாயிற்று. கட்டி முடிக்கிறவரை வாடகை வீடு. தம்பிக்கு இரண்டு தெரு தள்ளி. தினமும் வருகிறான், தினமும் ஏதாவது குற்றம் சொல்கிறான். சுகமாக இருக்கிறது.

டாக்டர் விடைபெறும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. "சாயங்காலம் ஆனா நீங்க என்ன சொல்வீங்கன்னு பழகிப்போச்சு சார். இனிமே ராத்திரிச் சாப்பாடு எப்படி இறங்கும்னு தெரியல." நல்ல மனிதர். தனியாக இருக்கிறவர், எதையோ நினைத்துச் சொல்கிறார்.

புது இடத்துச் சமையலறையில் பழக்கதோஷத்தில் உரக்கப் பேசிவிட்டேன். "இங்க யாருக்குங்க?" என்றாள் மனைவி. ஜன்னலுக்கு வெளியே அடுத்த வீட்டு ஏசி மட்டும் உறுமிக்கொண்டிருந்தது.

ஜூலை 8

இடிக்கிறார்கள் என்று தெரிந்து நான்கு பேரும் போனோம். பக்கச் சுவரை நாங்கள் போவதற்கு முன்பே பிரித்துவிட்டிருந்தார்கள். கட்டடம் கூச்சமே இல்லாமல் திறந்து கிடந்தது: என் கூடத்தின் நீலம், தம்பி வீட்டு மஞ்சள், அப்பாவின் நாற்காலி உரசி உரசி உண்டான கறுப்புத் தடம். தம்பியும் அதைத்தான் பார்த்தான்.

குழாய்ச் சந்தை வெளியே நின்று பார்ப்பது இதுதான் முதல் தடவை. அதற்குள் வெயில் விழுந்ததும் இன்றைக்குத்தான். கீழே என் ஜன்னல், வலை கிழிந்து தொங்கிக்கொண்டு. உச்சியில் டாக்டர் ஜன்னல், இரண்டு கதவும் அகலத் திறந்து. நடுவில்...

நடுவில் ஜன்னல் இல்லை. ஜன்னல் அளவுக்குச் செங்கல், செங்கல் மேல் சிமெண்டுப் பூச்சு, பூச்சின் மேல் பழைய பாசி.

"உன் ஜன்னல் எங்கடா?"

என் மனைவியும் அவன் மனைவியும் ஒரே நேரத்தில் கிரேனை வேடிக்கை பார்க்க ஆரம்பித்தார்கள்.

தம்பி காலால் ஒரு கல்லைத் தள்ளினான்.

"அதைச் சண்டை போட்ட வாரமே அடைச்சிட்டேன்ணா."