பூஜையில் இருக்கும் ஃபரீதாவின் புத்தகம்

மைசூர்,
சரஸ்வதி பூஜை இரவு.

அன்புள்ள அம்மாவுக்கு,

இதை யாருக்கும் காட்டாதே, அப்பாவுக்கும்கூட. மாமா வீட்டில் நான் நலம். உன் முழங்கால் வலி குறைந்ததா? யாராவது இங்கே வந்தால் உன் பழைய சேலை ஒன்றைக் கொடுத்தனுப்பு. போர்த்திக்கொள்ள வேண்டும்.

இன்று எழுதக் கூடாதுதான். ஆனால் பயமாக இருக்கிறது. பள்ளித் தோழி ஃபரீதா ஒரு புத்தகம் கொடுத்தாள். அரபு, துருக்கிக் கவிஞர்கள் கடவுளைப் பாடிய பாட்டுகள், தமிழில். ஒருவர், "வந்துகொண்டிருக்கிறேன், விளக்கை அணைத்துவிடாதே" என்று கடவுளிடம் கெஞ்சுகிறார். படித்ததும் உன் ஞாபகம் வந்தது.

பாடப் புத்தகம் போலத் தெரிய அதற்கும் காக்கி அட்டை போட்டிருந்தேன். அத்தை என் பையைக் கவிழ்த்து, அதையும் சேர்த்துப் பூஜையில் அடுக்கிக் குங்குமம் வைத்துவிட்டார். காலையில் மாமா ஒவ்வொன்றாகப் பிரித்து என்னைப் படிக்கச் சொல்வார். "அந்தப் புள்ளகூட இனிச் சேந்தே, படிப்பு பந்த்! ஹனூர் பஸ்ல ஏத்தி ஒங்க அம்மாகிட்டயே அனுப்பி உட்ருவேன்" என்று முன்பே சொல்லியிருக்கிறார்.

பூஜையில் வைத்ததைத் தொட்டால் சாமி குற்றமா, அம்மா? எல்லோரும் தூங்கிவிட்டார்கள். இப்போதே போய் எடுத்துவிடுகிறேன்.

யாரோ கதவைத் தட்டுகிறார்கள். மாமாதான்.

"உமா, லைட்ட அணைக்காத. கதவத் தொற."