பவளத்தின் முகத்தில் ஒரு விளம்பரம்

ஏப்ரல் 8, செவ்வாய்

வெளியே ஐஸ் மழை. சாவகச்சேரியில் தங்கச்சி பவளத்தை ஊர் நேரம் பின்னேரம் நாலு மணிக்கு எடுக்கிறார்கள். இங்கே விடிய ஆறரை. கையில் வாய்க்கரிசியோடு ஃபோனுக்கு முன்னால் இருந்தேன். அங்கே போடும்போது நானும் போட.

லைவ் லிங்க் அனுப்புவதாக அவள் மகன் சொல்லியிருந்தான். அதற்குள் சோஷல் மீடியாவில் பவளத்தின் படம். பூமாலை, விளக்கு, "இறுதிக்கிரியை நேரலை". அழுத்தினேன். கார்ட் நம்பர் கேட்டது. கொடுத்தேன். பேத்தி அபியை எழுப்பிக் கேட்டிருக்கலாம். ஐந்தாம் வகுப்பு என்றாலும் ஃபோன் எனக்குத் தண்ணீர்பட்ட பாடு என்று சொல்லித் திரிபவள் அல்லவா.

வட்டம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. மகன் அனுப்பிய லிங்க் வாட்ஸப்பில் கிடந்ததைப் பிறகுதான் கண்டேன். திறந்தால் வாசல் படலையடியில் பெண்கள் மட்டும். பவளம் போய்விட்டாள்.

அரிசி உள்ளங்கையில் ஒட்டிக் கிடந்தது.

ஏப்ரல் 9, புதன்

கள்ளர் போட்ட விளம்பரமாம், கார்டை நிற்பாட்டியாயிற்று. கவலை அதல்ல. அவள் முகத்தோடு விளம்பரம் இன்னும் ஓடுகிறது. அபி அந்தச் சோஷல் மீடியாக் கம்பனிக்கு ரிப்போர்ட் பண்ணினாள்.

பிரஷர் மாத்திரை போட்டேனா? ஞாபகமில்லை.

ஏப்ரல் 11, வெள்ளி

பதில் வந்தது.

"அம்மம்மா, செக் பண்ணினவையாம். தங்கட ரூல்ஸுக்கு ஓகேயாம்."

"ஆரடி செக் பண்ணினது?"

"மெஷினா இருக்கும்."

"மெஷினுக்குச் செத்தவீடு தெரியுமோ? உது சும்மா வாற படமோ?"

"இல்லை, ஆட். காசு வாங்கித்தான் போடுறவை."

"அப்ப என்ர தங்கச்சியின்ர முகத்துக்குக் கள்ளனிட்டக் காசு வாங்கினவை. வாங்கேக்க ஆரெண்டு கேக்கேல்லையோ?"

"ஐ நோ, அம்மம்மா. என்னட்டக் கத்தாதேங்கோ."

அவள்மேல் என்ன பிழை. திரும்ப ரிப்போர்ட். மூன்று தரம் மாடிக்கு ஏறி இறங்கினேன், எதற்கென்று தெரியாமல்.

படத்துக்குக் கீழே நானே எழுதினேன்: "இது கள்ளம். அழுத்தாதேங்கோ. நான் செத்தவவின்ர அக்கா." பின்னேரம் பார்த்தால் என் எழுத்தைக் காணோம். பவளம் மட்டும் சிரிக்கிறாள்.

ஏப்ரல் 13, ஞாயிறு

வெயில். நாளை வருஷப்பிறப்பு. எங்களுக்குச் செத்தவீட்டுத் துடக்கு, பலகாரம் இல்லை.

பவளத்தின் படம் போய்விட்டது! அபியைக் கட்டிப்பிடித்தேன். "பாத்தியே, அம்மம்மா விடேல்லை!"

தேத்தண்ணீரோடு இருந்து விரலால் தள்ளினேன். அதே மாலை. அதே விளக்கு. அதே "நேரலை". நடுவில், இங்கே பக்கத்தில் மில்லிக்கனில் இருந்த நடராசா அண்ணை. இன்றைக்குத்தான் எடுக்கிறார்கள். நகரத்தின் மற்றப் பக்கம் பார்க்டேலில் இருக்கிற அவர் தங்கச்சிக்கு நடக்க ஏலாது. ஃபோனில்தான் பார்ப்பா.

அவவின் நம்பருக்கு அடிக்கிறேன். மணி போகிறது. எடுக்கிறா இல்லை. திரும்ப அடிக்கிறேன்.